பகல் தூக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு

பாண்டுப்பில் எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு.
சமையல்மேடையும் அதற்குள்ளேதான்.
ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு
ரூபன் அதை இரண்டாகப் பிரித்தான்.

சாக்பீஸ் ட்யூஷன் டீச்சருடையது.
கேட்டால் "கீழே கிடந்தது."
வாசலில் தொடங்கிய கோடு
பீரோவின் காலைச் சுற்றி
அரிசி டப்பாவை எனக்குத் தெரியாமல் நகர்த்தி
பாயருகே வந்து நின்றது.

பாயில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
ராத்திரி முழுக்க விமான நிலையத்துக்கும் தாணேவுக்கும்
டாக்சி ஓட்டியவர்.
அவர் பகலில் தூங்கும்போது
எங்கள் வீட்டில் எல்லாமே கிசுகிசுப்புதான்.
விசில் வருமுன் குக்கரை இறக்கிவிடுவேன்.
பையன்கள் உதட்டசைவிலேயே வைதுகொள்வார்கள்.
அடிப்பதில்லை, சத்தம் வரும்.
கிள்ளுவார்கள்.

ரூபன் கொஞ்சம் யோசித்தான்.
பிறகு கோட்டை அவர் நீல லுங்கியின் மேலேயே இழுத்தான்.
தலை இவனுக்கு. கால் எப்சனுக்கு.

சண்டை எதற்கு என்று கேட்காதீர்கள்.
சிவப்பு மூடி போட்ட தண்ணீர் பாட்டில் என்று நினைக்கிறேன்.
முந்தின நாள் ஜன்னலோரம்.
அதற்கும் முந்தின நாள்
"அவன் என்னையே பாக்குறான்."

ஃபேன் ரூபன் பக்கம். ரிமோட் ரூபன் பக்கம்.
நாலு வயதுக்காரனுக்குக் கிடைத்தவை
செருப்பு ஸ்டாண்ட், கேஸ் சிலிண்டர்,
அப்பாவின் இரண்டு பாதங்கள்.
பெருவிரலை மெல்லத் தொட்டு
"இது என்னுது" என்றான். திருப்திதான் அவனுக்கு.

அம்மா யாருக்கு என்று ரெண்டு பேருமே பேசவில்லை.
கோட்டின் மேல் உட்கார்ந்து பூண்டு உரித்தேன்.

மோரியும், அதுதான் நாங்கள் குளிக்கிற மூலை,
ரூபன் பக்கம் போய்விட்டது.
ஒரு தடவை போக டிக்கெட் ஒரு மிட்டாய்.
எப்சனிடம் மூன்று இருந்தன.
இரண்டு டிக்கெட்டாகப் போயின, சும்மா போய்ப் பார்த்ததில்.
மூன்றாவதைத் தின்றுவிட்டான்.

பிறகு கோட்டோரம் நின்றான்,
முழங்காலோடு முழங்காலை ஒட்டிக்கொண்டு.
லோக்கல் ரயிலில் வருமே, அந்தக் குரலில்
"அக்லா ஸ்டேஷன், மோரி" என்று கெஞ்சிப் பார்த்தான்.
மற்ற நாளாக இருந்தால் ரூபன் சிரித்திருப்பான்.
டிக்கெட், என்றது உதடு.

நான் எழுந்திருக்கலாம்.
கையில் பூண்டு.
சரி, அது காரணமில்லை.
ஐந்தரைக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்தவள்,
இன்னொரு வழக்கை விசாரிக்கத் தெம்பில்லை.

சாம்பல் கால்சட்டை கறுக்கத் தொடங்கியதை
முதலில் பார்த்தவன் ரூபன்தான்.
எப்சன் அழ வாயைத் திறந்தான்,
அப்பா தூங்குவது ஞாபகம் வந்து
சத்தமில்லாமல் அழுதான்.
வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்திருக்க
ஒன்றுமே கேட்கவில்லை.
அப்படி அழ நாங்கள்தான் பழக்கியிருக்கிறோம்.

ரூபன் என்னைப் பார்த்தான்.
நான் பூண்டைப் பார்த்தேன்.

காலை ஆராதனைக்குப் போட்டு இன்னும் கழற்றாத
வெள்ளை சாக்ஸில் ஒன்றை உருவினான்.
தரையைத் துடைத்தான். தம்பியின் காலைத் துடைத்தான்,
திருடுகிறவன் மாதிரி அவசர அவசரமாக.
பிறகு அவன் காதில்
"யார்கிட்டயும் சொல்லாதே" என்றான்.
இவன் நனைத்ததையா
அவன் துடைத்ததையா என்று தெரியவில்லை.

நாலு மணிக்கு எழுந்தவர்
லுங்கியைப் பார்த்து "என்னடா இது" என்றார்.
"பார்டர்" என்றான் எப்சன்.
ஓகோ, என்று தட்டிவிட்டுக்கொண்டு டீ கேட்டார்.

சாக்ஸை இரண்டு தடவை அலசினேன்.
ஒன்றும் கேட்கவில்லை நான்.

திங்கள் சாயங்காலம் ஷார்ப்னருக்காகச் சண்டை.
சாக்பீஸ் இன்னும் பாதி மிச்சம்.
வாசலிலிருந்து அதே கோடு, பீரோ, அரிசி டப்பா.
மோரிப் பக்கம் வந்ததும்
ஒரு சாண் அளவு விட்டுவிட்டு
அதற்கப்புறம் தொடர்ந்தான் ரூபன்.

அந்தச் சந்து வழியாக எப்சன்
பன்னிரண்டு தடவை போய்வந்தான்,
அவசரமே இல்லாமல்.